ஏன் இறந்தாள் என்று கேட்டவர்கள்

1

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகிற வழியில் எங்கள் ஊருக்குப் பிரியும் பாதையோரம் ஒரு சுமைதாங்கி இருக்கிறது. செங்குத்தாக நட்ட இரண்டு கற்கள், அவற்றின்மேல் படுக்கையாக ஒரு கல். தலைச்சுமையோடு தனியாக நடந்து வருகிறவர், இறக்கிவிட ஆள் இல்லாதபோது சுமையைச் சாய்த்து வைத்துக்கொள்வதற்கானது. சின்ன வயதில் அதை யாரோ கட்டாமல் விட்டுப்போன வாசல் என்று நினைத்திருந்தேன். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நடப்படுவது அது என்று பிறகுதான் தெரிந்தது. அவளால் இறக்க முடியாத சுமையை, வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை இறக்கும்போது அவளும் இறக்கிக்கொள்வாள் என்பது நம்பிக்கை. இந்தக் கற்கள் சிலவற்றில் பெயர் உண்டு. நட்டவர் பெயர் உண்டு. எப்படி இறந்தாள் என்று எழுதிய கல்லை நான் பார்த்ததில்லை.

என் பெரியம்மா 1983இல் இரண்டாவது பிரசவத்தில் இறந்தார். அவருக்குச் சுமைதாங்கி நடவில்லை, பிள்ளை பிழைத்துவிட்டதால். நான் பிறப்பதற்கு முன்பே நடந்த அந்தச் சாவைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரே ஒரு வரிதான் புழக்கத்தில் இருந்தது: "மருத்துவச்சி கொன்னுட்டா." அம்மாச்சி கடைசிவரை அந்த மருத்துவச்சியின் முகத்தில் விழிக்கவில்லை. அந்த ஒரு வரியோடு விசாரணை முடிந்துவிட்டது.

பேறுகால மரணங்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது, மருந்துகளும் கருவிகளும் கண்டுபிடிக்கப்பட்ட கதையைத்தான் எதிர்பார்த்தேன். அது இருந்தது. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு கதையும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் இறந்த பிறகு அவளைச் சுற்றியிருந்தவர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்ற கதை. பெரியம்மாவின் சாவை நான் மறுபடி கேட்கப் போனது அதனால்தான்.

2

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் உள்ள அபர்தீன் நகரத்தில் 1789 டிசம்பரில் ஒரு காய்ச்சல் பரவத் தொடங்கியது. பிள்ளை பெற்ற பெண்களை மட்டும் தாக்கியது. நல்லபடியாகப் பிரசவமாகி, பெண் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்திருப்பாள். இரண்டு மூன்று நாளில் குளிர், காய்ச்சல், தாங்க முடியாத வயிற்றுவலி. சில நாட்களில் சாவு. ஐரோப்பாவில் அதைப் பிரசவக் காய்ச்சல் என்றார்கள். எங்கள் ஊரில் இதற்கும் ஜன்னிதான்; பிரசவ நேரத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தாலும் ஜன்னிதான். இரண்டு வெவ்வேறு சாவுகளுக்கு ஒரே சொல் இருந்தால், இரண்டையும் தடுக்க வழி தேட முடியாது.

அலெக்சாண்டர் கார்டன் கடற்படையில் வேலை பார்த்துவிட்டு வந்த மருத்துவர். நோயுற்ற 77 பெண்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். யார், எந்தத் தேதி, பிழைத்தாளா இறந்தாளா என்பதோடு, யார் பிரசவம் பார்த்தது என்றும் ஒரு பத்தி போட்டார். அந்தப் பத்திதான் விடையைச் சொன்னது. குறிப்பிட்ட சில மருத்துவச்சிகளும் மருத்துவர்களும் போன வீடுகளுக்கே காய்ச்சல் போயிருந்தது. 77 பேரில் 28 பேர் இறந்திருந்தார்கள். பிரசவம் பார்த்தவர் யார் என்று சொன்னால், இந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியும் என்ற நிலைக்கு அவர் வந்திருந்தார்.

1795இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். கிருமி என்ற கருத்தே நிலைபெறாத காலம். பிரசவம் பார்ப்பவர்கள் துணிகளை எரிக்க வேண்டும் அல்லது புகையிட வேண்டும், உடம்பைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். ஏராளமான பெண்களுக்கு இந்த நோயைக் கொண்டுபோனவர்களில் தானும் ஒருவன் என்று ஒப்புக்கொண்டார். தன் பெயரையும் பட்டியலில் சேர்த்தார். ஒரு மருத்துவர் இப்படி அச்சில் எழுதுவது இன்றைக்கும் அரிது.

ஆனால் மருத்துவச்சிகளின் பெயர்களும் அச்சில் இருந்தன. சிறிய நகரம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஊர் கார்டன் மேல் திரும்பியது. கடற்படை மீண்டும் அழைத்தபோது அவர் அபர்தீனை விட்டுப் போனார். 1799இல் காசநோயில் இறந்தபோது வயது 47. அவர் புத்தகத்திலிருந்து பின்னால் வந்த பல மருத்துவர்கள் எடுத்துக்கொண்டது, நோயாளியின் உடம்பிலிருந்து ரத்தம் வடிக்கச் சொன்ன அவருடைய சிகிச்சையை. கைகளையும் துணிகளையும் பற்றி அவர் சொன்னதைப் பெரும்பாலானோர் விட்டுவிட்டார்கள்.

3

வியன்னாவில் நடந்தது பலருக்கும் தெரிந்த கதைதான். இருந்தாலும் அதை நாம் சொல்லும் விதத்தில் ஒரு பகுதி விடுபட்டுப் போகிறது.

வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். முதலாவதில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். 1846இல் முதல் பிரிவில் நூற்றுக்குப் பதினொரு பெண்களுக்கு மேல் இறந்தார்கள். இரண்டாவதில் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. ஊர்ப் பெண்களுக்கு இது தெரிந்திருந்தது. முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று காலைப் பிடித்துக் கெஞ்சினார்கள். வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்றவர்கள்கூட முதல் பிரிவில் பெற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

அங்கே உதவி மருத்துவராக இருந்த ஹங்கேரியர் இக்னாஸ் செம்மல்வைஸுக்கு, 1847 மார்ச்சில் நண்பர் கொலெட்ஷ்காவின் சாவு வழியைக் காட்டியது. பிணப் பரிசோதனையில் கத்தி பட்டுக் காயமாகி இறந்த அவருடைய உடலில், பிரசவக் காய்ச்சலில் இறந்த பெண்களின் உடலில் இருந்த அதே மாற்றங்கள். பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வரும் கைகள்தான் காரணம் என்று முடிவு செய்தார். மே மாதத்தில் குளோரின் கலந்த நீரில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூனில் இரண்டையொட்டி இறங்கியது.

வழக்கமாக இங்கே, உண்மையைச் சொன்ன மேதையை உலகம் கொன்றுவிட்டது என்று கதை முடியும். அதில் உண்மை இருக்கிறது. அவருடைய மேலதிகாரி யோஹான் க்ளைன் அவர் பதவியை நீட்டிக்க விடவில்லை. ஆனால் செம்மல்வைஸ் தன் கண்டுபிடிப்பைப் புத்தகமாக எழுதியது 1861இல், பதினான்கு ஆண்டுகள் கழித்து. அதுவரை அவருக்காக எழுதியதும் பேசியதும் பெரும்பாலும் நண்பர்கள்தான். 1850இல் அவர்களிடம்கூடச் சொல்லாமல் வியன்னாவை விட்டுப் போனார். புத்தகத்தை விமர்சித்த பேராசிரியர்களுக்கு வெளிப்படைக் கடிதங்கள் எழுதினார். அவற்றில் அவர்களைக் கொலைகாரர்கள் என்றார். 1865இல் மனநோய் விடுதியில் ரத்தத்தில் சீழ் கலந்து இறந்தார். அவருக்கும் வயது 47.

அவர் கோபம் நியாயமானது. அந்தக் கடிதங்களைப் பற்றிப் படிக்கும்போது நான் அவர் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் கடிதம் கிடைத்த பேராசிரியரின் இடத்திலும் நின்று பார்த்தேன். 'ஆமாம், நான்தான் இத்தனை பெண்களைக் கொன்றேன்' என்று ஒப்புக்கொண்டால்தான் கை கழுவத் தொடங்க முடியும் என்றால், எத்தனை பேர் தொடங்குவார்கள்? கார்டன் ஒப்புக்கொண்டார். அது அபூர்வம். அபூர்வமான மனிதர்களை நம்பி ஒரு பிரசவ வார்டை நடத்த முடியாது.

4

இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1930களின் நடுப்பகுதி வரை, ஆயிரம் பிரசவத்துக்கு ஏறத்தாழ நான்கைந்து தாய்மார்கள் இறந்துகொண்டே இருந்தார்கள். குடிநீர் சுத்தமானது, குழந்தை இறப்பு இறங்கியது, மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியும் பதிவும் வேண்டும் என்று 1902இல் சட்டம் வந்தது. தாய் இறப்பு மட்டும் அசையவில்லை. சுகாதார அமைச்சகத்தில் தாய்சேய் நலத்தைக் கவனித்த மருத்துவர் ஜேனட் கேம்பல் 1924இல் இதைப் பற்றி விரிவான அறிக்கை எழுதினார். தொடர்ந்து குழுக்கள் அமைந்தன, சாவுகள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டன.

முதல் பெரிய இறக்கம் மருந்தால்தான் வந்தது. 1936இல் லண்டனில் லெனார்ட் கோல்புரூக் சல்ஃபா மருந்தைப் பிரசவக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பலனைக் காட்டினார். பிறகு பெனிசிலின், ரத்தம் ஏற்றும் வசதி. 1950களின் தொடக்கத்தில் தாய் இறப்பு ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது. இத்தோடு போதும் என்று நிறுத்தியிருக்கலாம். அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி தொடங்குகிறது.

1952இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பேறுகால மரணங்களுக்கான ரகசிய விசாரணை தொடங்கியது. ஒரு தாய் இறந்தால் அந்தப் பகுதியின் சுகாதார அதிகாரி ஒரு படிவத்தைத் திறப்பார். வீட்டுக்குப் போன மருத்துவச்சி, குடும்ப மருத்துவர், மருத்துவமனை மருத்துவர் என்று சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்ததை எழுதுவார்கள். அந்த மண்டலத்தின் மூத்த மகப்பேறு நிபுணர் ஒருவர் படித்துக் கருத்துச் சொல்வார். பிறகு படிவம் அமைச்சகத்துக்குப் போகும். மூன்று ஆண்டுச் சாவுகளைச் சேர்த்துப் படித்து ஓர் அறிக்கை வரும். முதல் அறிக்கை 1957இல் வந்தது. அதில் யார் பெயரும் இல்லை, எந்த மருத்துவமனையின் பெயரும் இல்லை. அறிக்கை வெளிவந்த பிறகு படிவங்களை அழித்துவிடுவார்கள்.

அழித்துவிடுவார்கள் என்பதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. தப்பு செய்தவனைக் காப்பாற்றுகிற ஏற்பாடு இல்லையா இது? யோசித்தபோது வேறு மாதிரி தெரிந்தது. போலீஸும் நீதிமன்றமும் வெளியே அப்படியேதான் இருந்தன. குடும்பம் வழக்குப் போடலாம். ஆனால் இந்தப் படிவம் மட்டும் வழக்குக்குப் போகாது. அதனால் ராத்திரி இரண்டு மணிக்கு மூத்த மருத்துவரை எழுப்பத் தயங்கிய ஜூனியர், அதை இந்தப் படிவத்தில் எழுதலாம். 'ரத்தம் வர ஒன்றரை மணி நேரம் ஆனது' என்று நர்ஸ் எழுதலாம். கார்டனின் பட்டியலில் பெயர் இருந்தது, அவருக்கு ஊர் போனது. இந்தப் படிவத்தில் பெயரை எடுத்துவிட்டார்கள், உண்மை உள்ளே வந்தது.

என்ன பலன் என்பதற்கு ஓர் உதாரணம். சிசேரியன் முடிந்து நன்றாக இருக்கும் பெண்களில் சிலர், காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துத் திடீரென்று இறக்கிறார்கள் என்பதை இந்த அறிக்கைகள் திரும்பத் திரும்பக் காட்டின. ஒரு தனி மருத்துவர் தன் வாழ்நாளில் அப்படி ஒரு சாவைத்தான் பார்த்திருப்பார், விதி என்று நினைத்திருப்பார். நாடு முழுவதும் நடந்ததை ஒரே மேஜையில் வைத்தபோதுதான் அது விதி இல்லை என்று தெரிந்தது. 1995இல் யாருக்கு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுக்க வேண்டும் என்று மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரி வழிகாட்டுதல் வெளியிட்டது. அடுத்த அறிக்கைக் காலத்திலேயே சிசேரியனுக்குப் பிந்தைய அந்தச் சாவுகள் குறைந்தன.

அந்தப் படிவத்தில் ஒரு குறையும் உண்டு. அதில் எழுதியவர்கள் எல்லாரும் மருத்துவத் துறையினர். இறந்தவளின் வீட்டிலிருந்து யாரும் எழுதவில்லை.

5

அந்த இடைவெளியைப் பிற்காலத்தில் தமிழ்நாடு வேறு விதமாக நிரப்பியது.

நமக்கு இது புதிய துறை ஒன்றும் இல்லை. எழும்பூர் தாய்சேய் மருத்துவமனையின் வேர் 1844இல் தொடங்குகிறது. சென்னை நகரத்தில் தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்து ஆ. லட்சுமணசாமி முதலியார் 1933இலேயே அறிக்கை கொடுத்திருக்கிறார். ஆனால் கிராமத்து வீட்டிலும், ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியிலும் நடக்கிற சாவு எந்த அறிக்கைக்கும் எளிதில் வருவதில்லை.

1994இல் தமிழ்நாட்டில் பேறுகால மரணங்களைக் கட்டாயமாகப் பதிவு செய்து ஆராயும் முறை தொடங்கியது. 2004இல் அது இறுக்கப்பட்டது. சாவு நடந்தால் உடனே தகவல் போக வேண்டும். மருத்துவமனைக்குள் என்ன நடந்தது என்று ஒரு விசாரணை. இறந்தவளின் வீட்டுக்கே போய், வலி எடுத்த நேரத்திலிருந்து என்ன நடந்தது என்று உறவினர்களிடம் கேட்டு எழுதுவது இன்னொன்று. பிறகு மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் கூட்டம். அதற்குக் குடும்பத்தாரையும் அழைத்தார்கள். மனைவியை இழந்த ஒரு கூலித் தொழிலாளி, கலெக்டரும் டாக்டர்களும் இருக்கும் அறையில் உட்கார்ந்து 'எந்நேரம் கிளம்பினோம், எங்கே காக்க வெச்சாங்க' என்று சொல்கிற காட்சி, நம் நிர்வாக வரலாற்றில் சாதாரணமானதில்லை.

மேஜையில் கலெக்டர் இருப்பதற்கு ஒரு பயன் உண்டு. ரத்த வங்கி ஒரு துறை, ஆம்புலன்ஸ் ஒரு துறை, சாலை வேறொரு துறை. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின்கீழ் வரும், மாவட்ட மருத்துவமனை இன்னொரு இயக்ககத்தின்கீழ் வரும். இவர்களை ஒரே அறையில் உட்கார வைக்கக்கூடியவர் மாவட்டத்தில் அவர்தான். இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று நர்ஸ்கள். அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணர் இல்லையென்றால், வெளியே தனியாகத் தொழில் செய்பவரை அழைத்து கேஸுக்கு இவ்வளவு என்று கொடுக்க ஏற்பாடு. அவசரப் பிரசவங்களுக்கென்று மேம்படுத்திய மருத்துவமனைகள். 2008இலிருந்து 108. ஒவ்வொன்றும் அங்கங்கே ஒரு தாமதத்துக்குச் சொன்ன பதில்.

மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2001-03இல் 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20இல் 54. அதே காலத்தில் இந்தியாவின் எண் 301இலிருந்து 97ஆக இறங்கியது. சாலையும் கல்வியும் குறைந்த பிள்ளைப்பேறும் இதில் பங்கு கொண்டவை. எல்லாப் பெருமையையும் ஒரு கூட்டத்துக்குக் கொடுக்க முடியாது. ஆனால் காசை எங்கே செலவழிப்பது என்று அந்தக் கூட்டங்கள் காட்டின.

பக்கத்தில் கேரளம் வேறு வழியில் போனது. அங்கே 2004இல் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பே அரசின் அனுமதியோடு, பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றி ரகசிய ஆய்வைத் தொடங்கியது. டாக்டர் வி.பி. பைலி அதன் முன்னோடிகளில் ஒருவர். பெயர்கள் நீக்கிய மருத்துவக் குறிப்புகளை மருத்துவர்களே படித்து, எங்கே பிசகியது என்று பார்த்தார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்குதான் முதன்மையான எதிரி என்று கண்டு, அதைக் கையாளும் முறையை மாநிலம் முழுவதும் கற்றுக்கொடுத்தார்கள்.

கேரள முறையில் மருத்துவர் பயமில்லாமல் பேசலாம், குடும்பத்தின் குரல் குறைவு. தமிழ்நாட்டு முறையில் குடும்பம் பேசலாம், ஆனால் கலெக்டர் இருக்கும் அறையில் டியூட்டி நர்ஸ் எவ்வளவு பேசுவார்? 'அன்னைக்கு டியூட்டில யாரு?' என்று முதல் கேள்வி வந்துவிட்டால், அறையில் இருக்கும் எல்லாரும் அவரவர் கேஸ் ஷீட்டைத்தான் நினைப்பார்கள். பழி எப்போதும் படிக்கட்டில் கீழ்நோக்கித்தான் உருளும். அடுத்த முறை சிக்கலான பெண் வரும்போது, 'எனக்கு எதுக்கு வம்பு, மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போங்க' என்று எழுதிக் கொடுப்பதுதான் பாதுகாப்பு என்று கடைசிப் படியில் இருப்பவர் கற்றுக்கொள்வார். அப்படி அனுப்பப்பட்டவள் வழியில் இறந்தால், அது யாருடைய டியூட்டியிலும் நடந்த சாவு ஆகாது.

6

1994இல் செரீன் தாடியஸ், டெபரா மெயின் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் எளிய சட்டகத்தைக் கொடுத்தார்கள். தாய்மார்கள் மூன்று தாமதங்களால் இறக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவெடுப்பதில் தாமதம். போய்ச் சேருவதில் தாமதம். சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இதைப் படித்த பிறகுதான் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். யார் கொன்றது என்று கேட்கவில்லை. அன்றைக்குக் காலையில் எத்தனை மணிக்குப் பிள்ளை பிறந்தது என்று கேட்டேன்.

"விடியக்காலம் பொறந்துருச்சு. நஞ்சு விழல. அந்தம்மா அப்பவே சொல்லிருச்சு, இது எங்கையில இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்கன்னு."

அம்மா இதை என்னிடம் சொல்வது அதுதான் முதல் முறை.

"அப்புறம்?"

"மாப்பிள்ளைக்குச் சொல்லாம எப்படித் தூக்கிட்டுப் போறதுன்னு உங்க ஐயாதான் ஆள் அனுப்புனாரு. பெரியப்பா வந்து சேர்றப்ப பத்து மணி இருக்கும். ஊர்ல ஒரே ஒரு காரு. அது கல்யாணத்துக்குப் போயிருந்துச்சு. மாட்டுவண்டியில படுக்க வச்சு ரோட்டுக்குக் கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில ரத்தம் வேணும்னாங்க. யார் ரத்தம் என்ன வகைன்னு நமக்கென்ன தெரியும்? அங்கயும் இல்லன்னுட்டாங்க. சாயங்காலம் போயிட்டா."

மூன்று தாமதங்களும் வரிசையாக இருந்தன. மருத்துவச்சி மட்டும் தாமதிக்கவில்லை. ஊரில் முடிவெட்டும் குடும்பத்துப் பெண் அவர். வீட்டுக்குள் வந்து பிள்ளையை எடுக்கலாம், திண்ணையில் உட்காரக் கூடாது. பழியை வைக்க அவரைவிட வசதியான இடம் எங்கள் தெருவில் இருந்திருக்காது.

"இத்தனை வருஷம் ஏம்மா சொல்லல?"

"ஐயா உசுரோட இருக்கும்போது எப்படிச் சொல்றது? அவருதான் கொன்னாருன்னு ஆயிராதா?"

கார்டனின் அபர்தீனும் செம்மல்வைஸின் வியன்னாவும் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்தன. ஐயா கெட்டவரில்லை. மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்காமல் பெண்ணைத் தூக்கிப் போனால் தப்பாகிவிடும் என்று பயந்தவர். யாராவது அவரைக் குற்றம் சொல்லாமல், அந்தக் காலை நேரத்தை மணி மணியாகப் பேசியிருந்தால், அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு வலி எடுத்தபோது ஊரில் யாரும் மாப்பிள்ளைக்காகக் காத்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து காத்துக்கொண்ட அந்த ஒரு வரி, வேறு எத்தனை பெண்களைக் காத்திருக்க வைத்ததோ.

பெரியம்மா விட்டுப்போன பிள்ளைதான் என் அண்ணன். போன வருடம் அண்ணி பிரசவத்துக்கு, நாள் நெருங்கும் முன்பே ரத்த வகையை எழுதி, இரண்டு பேரைத் தயாராக வைத்திருந்தான். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த மருத்துவச்சியை அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் பிரசவத்துக்குக் கூப்பிடவில்லையாம். அவர் இறந்தே பல வருடம் ஆகிறது. அவர் பேர் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"தெரியலப்பா. மருத்துவச்சி, மருத்துவச்சின்னுதான் கூப்பிடுவோம்."